அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் கையிலிருக்கும் பணத்தில் சரியான கணினிச் செயலி (பிராசஸர்) வாங்குவது எப்படி?

அனிமேஷன் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பில் சேர்ந்து, வீட்டில் வேலை செய்வதற்கென்று ஒரு மேசைக் கணினி வாங்க நினைக்கும் மாணவர்களுக்கும், அதற்குப் பணம் கொடுக்கப்போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நான் வாங்கப் புறப்பட்டபோது கடைக்குக் கடை வேறு வேறு செயலியைப் பரிந்துரைத்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் விளையாட்டுக்கோ அலுவலக வேலைக்கோ பொருந்தின. அனிமேஷன் வேலை எப்படி நடக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. அந்த அலைச்சலைப் புதிதாக வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். நாற்பத்தைந்தாயிரம் முதல் எண்பதாயிரம் ரூபாய் வரை செலவிடக்கூடியவர்களை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் பகலில் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலைக்கு, ஒவ்வொன்றும் வேகமாக ஓடக்கூடிய கோர்கள், அதாவது செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள், தேவை. இரவில் கணினி தானாகவே செய்யும் ரெண்டருக்கு, அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் வேலைக்கு, எண்ணிக்கையில் அதிகமான கோர்கள் தேவை. இரண்டுக்கும் பணம் போதாதபோது பகல் வேலைக்கே முதலிடம் கொடுங்கள். மிச்சத்தை ராமுக்கும் (கணினியின் தற்காலிக நினைவகம்) கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒதுக்குங்கள்.

1. உங்கள் வேலை எது என்று முதலில் எழுதிப் பாருங்கள்

எந்தச் செயலி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த மென்பொருளில் எத்தனை நேரம் செலவிடப் போகிறீர்கள் என்று கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள். முதல் ஆண்டில் பெரும்பாலும் ஓவியமும் இருபரிமாண அனிமேஷனும்தான் இருக்கும். கிரிட்டா, ஓபன்டூன்ஸ், டூன்பூம் ஹார்மனி போன்றவற்றில் செய்யும் இந்த வேலைக்கு எட்டு கோர்களோ பன்னிரண்டு கோர்களோ தேவையே இல்லை. தூரிகை தாமதிக்காமல் கையோடு வரவேண்டும் என்றால் ஒற்றைக் கோரின் வேகமும் போதுமான ராமும் இருந்தால் போதும்.

முப்பரிமாண வேலைக்கு வந்தால் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. பிளெண்டரிலோ மாயாவிலோ ஒரு கதாபாத்திரத்தை நிற்க வைத்து, கையையும் காலையும் நகர்த்தி, டைம்லைனை ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் எலும்பு எங்கே போனது என்று கணக்கிட்ட பின்னரே முழங்கை எங்கே இருக்கும் என்று தெரியும்; முழங்கை தெரிந்த பின்னரே மணிக்கட்டு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாக வேண்டிய இந்தக் கணக்கைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது கடினம். கதாபாத்திரத்தை அசைக்கும்போது திரை திக்கித் திக்கி ஓடுவதற்குப் பல நேரங்களில் ஒற்றைக் கோரின் வேகம் போதாமையே காரணம். பதினான்கு கோர் செயலியும் அந்த நேரத்தில் ஒன்றிரண்டு கோர்களை மட்டும் பயன்படுத்திக்கொண்டு மற்றவற்றைச் சும்மா வைத்திருக்கும். துணி, புகை போன்ற சிமுலேஷன்களிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் (அசைவின் ஒரு தனிப் படம்) முந்தைய ஃப்ரேமின் விளைவைச் சார்ந்திருப்பதால், பத்து ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் பத்துக் கோர்களிடம் கொடுத்துவிட முடியாது.

ரெண்டர் அப்படியல்ல. படத்தின் ஒரு மூலையைக் கணக்கிடுவதற்கு மற்ற மூலை முடிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால், பிளெண்டரின் சைக்கிள்ஸும் மாயாவோடு வரும் ஆர்னால்டும் ஆகிய ரெண்டர் மென்பொருள்கள் எத்தனை கோர்கள் இருந்தாலும் அத்தனையையும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும். காட்சிகளை அடுக்கிச் சேர்க்கும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஒரே நேரத்தில் பல ஃப்ரேம்களைக் கணக்கிடுகிறது. ஆனால் அதற்கேற்ப ராமையும் விழுங்குகிறது.

எழுதி முடித்தால் பெரும்பாலான மாணவர்களுக்கு ஒன்று தெரியவரும்: மாடலிங், ரிக்கிங் (உருவத்துக்கு அசையும் எலும்புக்கூடு பொருத்துவது), அனிமேஷன், எடிட்டிங் ஆகியவையே நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன, ரெண்டர் செமஸ்டர் முடிவில் சில நாட்கள் மட்டும் வருகிறது.

2. ரெண்டர் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

முப்பது விநாடிப் படம் ஒன்றை விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் செய்தால் 720 ஃப்ரேம்கள் ஆகின்றன. ஒரு ஃப்ரேமுக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் 3,600 நிமிடம், அதாவது 60 மணி நேரம். ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஆறு கோர் செயலிக்குப் பதில் எட்டுக் கோர் செயலி வாங்கினால், எல்லாம் சாதகமாக இருந்தாலும் அது 45 மணி நேரமாகத்தான் குறையும். எட்டுக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் சற்று இறங்குவதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

அதே ஃப்ரேமை, சாம்பிள் எண்ணிக்கையை (ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை முறை கணக்கிடுவது என்பதை) குறைத்து, படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸரைப் பயன்படுத்தி, இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 24 மணி நேரம். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பிளெண்டருக்குள்ளேயே டீநாய்ஸர் இலவசமாக இருக்கிறது. சைக்கிள்ஸ் ஏற்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் ரெண்டர் செயலியைவிடப் பல மடங்கு வேகமாக முடியும். எனவே ரெண்டருக்காக மட்டும் செயலிக்குக் கூடுதலாக எட்டாயிரம், பத்தாயிரம் கொடுக்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்குச் சேர்த்து வைப்பதே நல்லது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்லூரி ஆர்னால்டில் செயலி வழியாகவே ரெண்டர் செய்யச் சொன்னால், அல்லது உங்கள் காட்சிகள் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரியவை என்றால், எட்டுக் கோர்களுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

எந்தச் செயலியில் ரெண்டர் எவ்வளவு வேகம் என்பதைக் கடைக்காரர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. பிளெண்டர் ஓபன் டேட்டா என்ற தளத்தில் பயனர்கள் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்த அளவீடுகள் செயலி வாரியாகவும் கார்டு வாரியாகவும் கிடைக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை சாம்பிள்கள் என்ற அடிப்படையில் மதிப்பெண் கொடுக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் வேகம் அதிகம். பகல் வேலைக்கான வேகத்தை அறிய, செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையின் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைப் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு செயலியின் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

3. செயலியின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அதிகமானோர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்டெல் செயலிகளின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுவதற்கான அடையாளங்கள் மட்டுமே. 2013-இல் வந்த ஐ7-4770 நான்கு கோர்களும் எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) கொண்டது. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் மிகவும் வேகமானது. ஐ7 என்ற ஒட்டுப்படத்தைப் பார்த்துப் பழையதை வாங்கியவர், அதைவிட நல்ல செயலியை ஐ3 என்று ஒதுக்கியவர் ஆகிறார். முதலில் தலைமுறையைக் கேளுங்கள். ஐ5-12400 என்றால் 12 என்பது தலைமுறை.

இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எழுத்தும் முக்கியம். எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. கே என்று முடிந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்று பொருள். ஆனால் பெட்டியில் கூலர் (செயலியைக் குளிர்விக்கும் விசிறி) வராது, விலை உயர்ந்த மதர்போர்டு (செயலியைப் பொருத்தும் பலகை) வேண்டும், சூடும் அதிகம். மாணவர்களுக்குக் கே வகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-க்கு உண்டு. அதேபோல் 5500, 5600 ஆகிய இரண்டும் ஆறு கோர்கள் கொண்டவையாக இருந்தாலும், 5500-இன் எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 16 எம்பி; 5600-க்கு 32 எம்பி. ரைசன் 7 5700 என்ற பெயரும் 5700எக்ஸ் என்ற பெயரும் ஒன்றுபோலத் தோன்றும். அங்கேயும் எக்ஸ் இல்லாததற்குக் கேஷ் பாதிதான். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் மட்டும் என்றால் 5500-க்குப் பதில் 5600-ஐயும், 5700-க்குப் பதில் 5700எக்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஐ5-1235யு, ஐ7-1255யு ஆகிய இரண்டிலும் இரண்டு வேகக் கோர்களும் எட்டுச் சிறு கோர்களும்தான் உள்ளன. ஐ7 என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக ஒரு கோரும் கூடுதலாகக் கிடைக்காது. ஆனால் எச் என்று முடியும் ஐ5-12450எச்-இல் நான்கு வேகக் கோர்கள் உண்டு; ஐ5-12500எச்-இல் நான்கு வேகக் கோர்களோடு எட்டுச் சிறு கோர்களும் உண்டு. அனிமேஷனுக்கு யு வகை ஐ7-ஐவிட எச் வகை ஐ5 நல்ல தேர்வு. ரைசன் 7000 வரிசை மடிக்கணினிச் செயலிகளில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யு-வில் அது 2; 2019-இல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பைச் சேர்ந்த, நான்கே கோர்கள் கொண்ட செயலி அது. 7640எச்எஸ்-இல் அது 4. ஜென் 4 வடிவமைப்பு. இரண்டுமே 7000 வரிசை என்றுதான் விளம்பரத்தில் இருக்கும்.

4. செயலி விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள்

செயலியோடு மதர்போர்டும் ராமும் சேர்ந்தே வருகின்றன. மதர்போர்டில் செயலி அமரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 ராம் மட்டும் பொருந்தும். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டு வகை மதர்போர்டுகளும் இருப்பதால், எந்த வகை என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே ராமுக்குப் பணம் கட்டுங்கள்.

எல்ஜிஏ1700-இல் 14-ஆம் தலைமுறையோடு புதிய தலைமுறைகள் நின்றுவிட்டன. அதற்கடுத்து 2024-இல் வந்தவை வேறு சாக்கெட்டுக்கு மாறிவிட்டன. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பின்னரும் தொடரப்போவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏஎம்5 பொருத்தம். மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு முழுக் கணினியையும் மாற்றப் போகிறவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ராமில் மட்டும் கை சுருக்க வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேம் 8 பிட் வண்ணத்தில் ஏறத்தாழ 8 எம்பி இடத்தை எடுத்துக்கொள்கிறது. பத்து விநாடி முன்னோட்டம் என்றால் 240 ஃப்ரேம்கள். கிட்டத்தட்ட 2 ஜிபி. 16 பிட்டுக்கு மாற்றினால் 4 ஜிபி. இதற்கு மேல் விண்டோஸும் பிரவுசரும் பிளெண்டரும் திறந்திருக்கும். பிளெண்டர் தன் தளத்தில் குறைந்தபட்சம் 8 ஜிபி என்றும் பரிந்துரையாக 32 ஜிபி என்றும் சொல்கிறது. குறைந்தது 16 ஜிபியோடு தொடங்குங்கள். ஆனால் நான்கு ராம் இடங்கள் உள்ள மதர்போர்டாக எடுத்து 8 ஜிபி வீதம் இரண்டு குச்சிகளைப் போடுங்கள். ஒரே குச்சியாகப் போட்டால் நினைவகத்தின் வேகம் பாதியாகிவிடும். உள்ளே கிராபிக்ஸ் கொண்ட செயலிகளில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும்.

பவர் சப்ளையைக் கேபினட்டோடு இலவசமாகத் தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். இரவு முழுவதும் ரெண்டர் ஓடப்போகிற கணினிக்கு, தரச்சான்று பெற்ற 550 வாட் சப்ளையைத் தனியாக வாங்குவது அவசியம்.

5. தொகை வாரியாக என் பரிந்துரை

கீழே சொல்லும் விலைகள் 2024-இல் நான் விசாரித்து அறிந்த ஏறத்தாழ விலைகள். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், ராமுக்கு மட்டும் வாங்கும் நாளின் விலையைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்தாயிரத்துக்குள், மானிட்டரும் சேர்த்து: கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு, எஃப் இல்லாத ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600ஜி. முன்னது பதின்மூன்றாயிரத்துக்கு அருகிலும் பின்னது பத்து, பதினோராயிரத்திலும் கிடைத்தது. அடுத்த ஆண்டு கார்டு வாங்கிவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் ஐ5-12400-ஐ எடுங்கள். அதன் கோர்கள் வேகமானவை, வீடியோ எடிட்டிங்கில் கைபேசியில் எடுத்த காட்சிகளையும் சிக்கலின்றி ஓட்டும். கார்டு எப்போது வாங்குவோம் என்றே சொல்ல முடியாதவர்களுக்கு 5600ஜி நல்லது. அதனுள் இருக்கும் வேகா கிராபிக்ஸ், முப்பரிமாணக் காட்சியைத் திருப்பிப் பார்க்கும்போது இன்டெல்லின் உள் கிராபிக்ஸைவிட நன்றாகத் தாங்கும்.

அறுபத்தைந்தாயிரத்தை ஒட்டி, மானிட்டர் நீங்கலாக: ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600. இரண்டுமே பத்தாயிரத்தைச் சுற்றி இருந்தன. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டின் பெட்டியிலும் கூலர் உண்டு. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டையும், 32 ஜிபி ராமையும், கோப்புகளைச் சேமிக்க 1 டிபி எஸ்எஸ்டியையும் சேருங்கள். பெரும்பாலான அனிமேஷன் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சரியான கலவை இதுதான். இதே தொகைக்குள் ஐ7 வாங்கிவிட்டுக் கார்டையும் ராமையும் குறைத்துக்கொண்டவர்கள், அதே காட்சியை ரெண்டர் செய்ய அதிக நேரம் காத்திருப்பதை எங்கள் வகுப்பிலேயே பார்த்தேன்.

எண்பதாயிரம் வரை: ஏஎம்5-இல் ரைசன் 5 7600. பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய். கூலர் பெட்டியிலேயே வரும். உள்ளே சிறிய கிராபிக்ஸும் இருப்பதால் கார்டு பழுதானாலும் திரையில் படம் தெரியும். செயலியிலேயே ரெண்டர் செய்ய வேண்டியவர்கள் அதே சாக்கெட்டில் எட்டுக் கோர்கள் கொண்ட 7700-ஐப் பாருங்கள். அதற்குப் பணம் எட்டாவிட்டால் ஏஎம்4-இல் 5700எக்ஸ் இருக்கிறது. ஆனால் அதன் பெட்டியில் கூலர் வராது என்பதால் இரண்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

6. மலிவாகத் தெரியும் பழைய செயலிகள்

சென்னையின் ரிச்சி தெருவிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்கு ஐ7 கணினி என்று விற்கப்படுபவற்றில் பல, மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மென்பொருள்களின் புதிய பதிப்புகள் வரவர அந்தக் கணினிகள் பின்தங்கும்.

சர்வர்களுக்கென்று இன்டெல் செய்த பழைய ஜியான் செயலிகள் இன்னொரு வகை ஆசை. ஜியான் இ5-2680 வி4-இல் பதினான்கு கோர்கள் உண்டு. சர்வர்களிலிருந்து கழித்த சரக்கு என்பதால் விலையும் மிகக் குறைவு. ரெண்டர் மட்டும் செய்ய இரண்டாவது கணினி வேண்டும் என்பவருக்கு அது உதவலாம். ஆனால் அதன் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், வடிவமைப்பு 2016-ஐச் சேர்ந்தது. அதில் அமர்ந்து ஒரு கதாபாத்திரத்தை அனிமேட் செய்யும் மாணவர் நாள்தோறும் காத்திருக்கத்தான் நேரிடும். ஒரே கணினி வாங்கப்போகிறவர்கள் தொட வேண்டாம்.

பயன்படுத்திய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 கே வகைச் செயலிகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றுக்கு மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போவதால் நிலைகுலைவு ஏற்படுவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் இனி வரும் பாதிப்பைத் தடுக்கும். முன்பே கெட்டுப்போன செயலியைச் சரி செய்யாது. முந்தைய உரிமையாளர் பயாஸைப் புதுப்பித்தாரா என்று உங்களால் அறிய முடியாது.

7. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

கல்விக்கடன் வாங்குபவர்கள் இதை முதலில் கவனியுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவைப்படும் கணினியை நியாயமான விலையில் வாங்கும் செலவும் கடனுக்குள் அடங்கும். ஆனால் அதைக் கேட்பவர்களுக்கே கிடைக்கிறது. விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் கணினியைச் சேர்த்துவிடுங்கள். கடன் ஒப்புதலான பிறகு சேர்க்கச் சொன்னால் கிளையில் தயங்குவார்கள். கல்லூரியிடமிருந்து போனஃபைடு சான்றிதழ், இந்தப் படிப்புக்குக் கணினி தேவை என்று துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம், கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அச்சிட்ட தாளில் பகுதி வாரியான விலைப்புள்ளி ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி பணத்தை நேரடியாகக் கடைக்கே அனுப்ப வாய்ப்புண்டு. அதற்குள் விலை மாறிவிடக்கூடும் என்பதால் விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.

பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். செயலிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால் அந்தத் தள்ளுபடி பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதைக் கேட்டுப் பெற பில் வேண்டும். பில்லில் மாணவரின் அல்லது பெற்றோரின் பெயர், செயலியின் முழு மாடல் எண், வரிசை எண் ஆகியவை இருக்கின்றனவா என்று கடையிலேயே சரிபாருங்கள். 'ஐ5 செயலி' என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது. பெட்டியில்லாமல் தனிச் சில்லாக விற்கப்படும் ட்ரே செயலி விலை குறைவாக இருக்கும். அதற்கான உத்தரவாதம் விற்றவரின் வாக்கு மட்டுமே.

மாதத் தவணையில் வாங்குபவர்கள், வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதியின் மேல் ஜிஎஸ்டியும் சேரக்கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கும் ஆவணம் தேவைப்படும். ஆட்டோடெஸ்க் மாயாவை மாணவர்களுக்கு ஓராண்டு உரிமமாக இலவசமாகத் தருகிறது. படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் பெயர், கல்லூரியின் பெயர், நடப்பு ஆண்டு ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பல கல்லூரி அடையாள அட்டைகளில் ஆண்டு இருப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் கட்டண ரசீதைப் பதிவேற்றுங்கள். பிளெண்டருக்கு எதுவும் தேவையில்லை.

8. எப்போது வாங்குவது, எப்படிக் கேட்பது

முதல் செமஸ்டரில் முப்பரிமாணப் பாடம் இல்லை என்றால் கல்லூரி திறந்த வாரத்திலேயே வாங்கிவிட வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் அதே மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு உங்கள் தேவை உங்களுக்கே தெரியும். சேர்க்கைக் காலமான ஜூன், ஜூலையில் கடைகளில் பேரம் பேச இடமும் குறைவு. தீபாவளிக்கு முன்னால் வரும் இணைய விற்பனைகளில் செயலியும் எஸ்எஸ்டியும் விலை இறங்குவதுண்டு.

சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வார நாளில் காலையில் போங்கள்; ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வாங்கப்போகும் எல்லாப் பகுதிகளின் பெயரையும் மாடல் எண்ணோடு தட்டச்சு செய்து எடுத்துச் சென்று, குறைந்தது மூன்று கடைகளில் அதே பட்டியலுக்கு எழுத்தில் விலை கேளுங்கள். இதே விலைக்கு வேறு மாடல் தருகிறேன் என்று சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மதர்போர்டு வாங்கும்போது, அதில் இருக்கும் பயாஸ் இந்தச் செயலியை ஏற்குமா என்று கேளுங்கள். பழைய சரக்காக இருக்கும் பி450 போர்டுகள் ரைசன் 5000 வரிசைக்கும், எச்610 போர்டுகள் 14-ஆம் தலைமுறைக்கும் புதுப்பிக்காமல் இயங்காமல் போகலாம். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதை முத்திரை தெரியும்படி காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை

மாற்றிக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் ஒரு வாரம்தான் என்பதால், கணினி வந்த அன்றே சோதனையைத் தொடங்குங்கள். சினிபெஞ்ச் ஆர்23-இல் பத்து நிமிடப் பல கோர்ச் சோதனையை ஓட்டி, வெப்பநிலையைப் பாருங்கள். இந்தச் செயலிகள் 90 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மே மாதத்தில் இந்த வரம்பை எளிதில் தொட்டுவிடலாம். பத்து நிமிடத்துக்குள் தொட்டால், கூலர் சரியாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்றை மாட்டுங்கள். கேபினட்டின் முன்பக்கம் காற்று நுழைய வலைப்பின்னல் இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் எந்தக் கூலரும் பயன்தராது.

பிறகு உங்கள் சொந்தக் காட்சி ஒன்றை ஓர் இரவு முழுவதும் ரெண்டர் செய்யுங்கள். நேரடியாக வீடியோ கோப்பாக எழுத வைக்காமல், பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் படங்களாக ஒவ்வொரு ஃப்ரேமையும் சேமியுங்கள். மின்சாரம் போய் வந்தால், பிளெண்டரில் மேலெழுதும் தேர்வை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். யுபிஎஸ் இருந்தாலும் சிறியது சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது; கணினியை ஒழுங்காக அணைப்பதற்கான அவகாசம் என்றே அதைக் கருதுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். 150 வாட் இழுக்கும் கணினி 60 மணி நேரம் ஓடினால் 9 யூனிட். கிராபிக்ஸ் கார்டோடு 300 வாட் இழுத்தாலும் வேலை விரைவில் முடிவதால் மொத்த யூனிட் குறையவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் இருமாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறிவிடுவதால், ஏற்கெனவே அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் பெரிய ரெண்டர்களை மீட்டர் கணக்கெடுத்துச் சென்ற பிறகு தொடங்குங்கள்.